சுமையோடு இடப்பக்கம்

17

அந்த வீட்டில் விடிந்துவிட்டது என்று அத்தை சொன்னால்தான் விடிந்ததாகக் கணக்கு.

ஒரு காலத்தில் நூற்பாலையில் சங்கு ஊதும் வேலை பார்த்தவர் அத்தை. அவர் கையை உயர்த்திக் கம்பியை இழுத்தால் சுற்றுவட்டாரமே எழுந்து, பல் துலக்கி, செருப்பைத் தேடி ஓடும். ஆலையை மூடிய பிறகும் அந்தச் சங்கு அவர் உடம்புக்குள் ஊதிக்கொண்டுதான் இருந்தது. சமீபத்தில் அதுவும் அவ்வப்போது பிந்திப் போகிறது. வயசாகிறது அல்லவா என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

இன்றும் சற்றுப் பிந்தித்தான் வந்தார். கழுத்தைச் சுற்றி வழக்கமான கம்பளி மப்ளர். வெயில் கொளுத்தும் மாதத்திலும் அவருக்குக் குளிரும். ஒரு கையில் வெதுவெதுப்பான பால். இன்னொரு உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள். ஒன்று கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. மற்றது புளியங்கொட்டை அளவு.

"எழுந்திரும்மா. போட்டுக்கோ, அப்புறம் மறந்துடுவே," என்றார் கரகரத்த குரலில். சங்கோடு போட்டி போட்டுக் கத்தியே அந்தக் குரல் தேய்ந்துவிட்டது என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

எழுந்திரு என்று சொல்வது சுலபம். மருமகள் முதலில் வலப்பக்கமாகப் புரண்டாள். வலக்கையால் இடது கையைத் தூக்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் போலப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கால்களைத் தொங்கவிட்டு, பின்னால் யாரோ தள்ளுவதுபோல எழுந்தாள். பின்கழுத்திலிருந்து தோள்பட்டை வரை ஒரு கம்பி இறுகி, மெல்லத் தளர்ந்தது. பிறகு இரண்டு மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு பாலைக் குடித்தாள்.

"அத்தை, இன்னிக்குத்தான் பாலம்."

"தெரியும். ராத்திரியெல்லாம் தூக்கத்துல அதையேதான் உளறினே."

அவளை வேலைத்தளத்தில் எல்லோரும் உச்சி என்பார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக் கட்டடத்தின் தோளுக்கு மேலே நிற்கும் டவர் கிரேன் அவளுடையது. வாக்கி டாக்கியில் பெயர் சொல்லிக் கொஞ்ச நேரமிருக்காது. மேலே இருப்பவள் உச்சி, கீழே நின்று வழி சொல்பவன் தரை. தரை வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்டவன்தான். வேலை நேரம் முழுக்க அவன் ஏற்று என்றால் ஏற்றுவாள், இறக்கு என்றால் இறக்குவாள். வீட்டுக்கு வந்ததும் அது அப்படியே தலைகீழ்.

போன வாரம் அவள் ஏணியின் பாதியில் நின்றுபோனதைப் பார்த்தோம். இடது கை தோளுக்கு மேலே எழ மறுத்தது. தலைசுற்றல் என்று சொல்லிச் சமாளித்து இறங்கிவிட்டாள். இன்ஜினியர் அதை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. "டாக்டர் ஏறலாம்னு சொன்னா ஏறுங்க. இல்லேன்னா நிதானம் ஏறட்டும்," என்று முடித்துவிட்டார்.

நிதானம் என்பவர் அடுத்த கிரேனின் ஆபரேட்டர். பிரமோஷனைக்கூட யோசித்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர்.

கட்டடத்தின் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் கண்ணாடி நடைபாலம் அது. தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து, நீளமான லாரியில் கொண்டுவந்து வாசல் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். அதை அப்படியே தூக்கி, இரண்டு சுவர்களுக்கு நடுவே பொருத்த வேண்டும். ஒரு ஆபரேட்டரின் ஆயுளில் இப்படி ஒன்று வந்தால் பெரிது. நாளைக்கு நோயாளிகளைப் படுக்கையோடு அதன் வழியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள், படுத்தபடியே அவர்கள் வானத்தைப் பார்க்கலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து உச்சிக்கு அந்தப் பாலத்தின் மேல் பைத்தியம்.

ஒரே ஒரு சங்கடம். பாலம் நிற்பது வாசல் பக்கம். அங்கிருந்து எடுத்தால் சுமையோடு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

அவள் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. யாருக்கும் தெரியாத ரகசியம் இது. அதிர்ஷ்டவசமாகச் சில மாதங்களாகச் சுமையோடு இடப்பக்கம் திரும்ப வேண்டிய வேலையே அதிகம் வரவில்லை. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பையில் ஒரு வலி மாத்திரை அட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் தலையசைத்தால் போதும், அதைப் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை மேஜைமேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். உச்சிக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தவர் அவர்தான். கழுத்து வலிக்கும் அதற்கும் சம்பந்தமிருக்கும் என்று உச்சி கனவிலும் நினைத்ததில்லை. கழுத்து வலி கிரேன் கொடுத்த சீதனம், காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாக நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிற வேலை அல்லவா. தைராய்டு யாரோ அனுப்பிய பார்சல். அவளுடைய கணக்கு அப்படி.

"ரெண்டு தடவை டோஸைக் கூட்டிட்டேன். முன்னேற்றமே தெரியலை. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒருநாள்கூட விட்டதில்லை டாக்டர். எங்க அத்தை விடவும் மாட்டாங்க."

"சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். நீங்க சட்டியில போடறதா சொல்றீங்க, அகப்பையில காணோம். எங்கேயோ ஓட்டை இருக்கு." டாக்டர் பரிசோதனைக் கட்டிலைக் காட்டினார். "அதுல படுத்துக்கோங்க. காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

உச்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் படுத்தாள். வலப்பக்கம் புரண்டு, கையைத் தூக்கி மடியில் வைத்து, எழுந்து, இல்லாத அத்தையின் உள்ளங்கையிலிருந்து எடுத்து வாயில் போட்டாள். மறுபடி எடுத்து மறுபடி போட்டாள். இல்லாத டம்ளரைக் கவிழ்த்தாள்.

"நில்லுங்க. ரெண்டு தடவை போட்டீங்களே?"

"ஒண்ணு தைராய்டு. இன்னொண்ணு சும்மா சத்து மாத்திரை டாக்டர், கால்சியம். தோள் வலி ஆரம்பிச்சப்போ எலும்புக்கு நல்லதுன்னு அத்தை வாங்கினாங்க. அது மருந்தில்லையேன்னு உங்ககிட்ட சொல்லலை."

"டம்ளர்ல தண்ணியா?"

"பால். வெறும் வயித்துல மாத்திரை எரியும்னு அத்தை காய்ச்சித் தருவாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபமில்லை. திருடனைப் பிடித்த பிறகு வரும் நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"தைராய்டு மாத்திரை தனிக்காட்டு ராஜா. வெறும் வயித்துல, வெறும் தண்ணியில, தனியாத்தான் போகணும். காப்பி, பால் எதுவா இருந்தாலும் ஒரு மணி நேரம் காத்திருக்கணும். கால்சியம் பக்கத்துலயே வரக்கூடாது. ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். ரெண்டும் சேர்ந்து போனா கால்சியம் அதைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புக்குள்ள விடாது."

"அப்போ இத்தனை மாசமா..."

"பெரும்பாலும் வீணாத்தான் போயிருக்கும். தைராய்டு குறைஞ்சா தசையெல்லாம் இறுகும், வலிக்கும், தோள் பூட்டிக்கவும் வாய்ப்பு அதிகம். ஃப்ரோஸன் ஷோல்டர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தோள் வலிச்சா உங்க அத்தை..."

"இன்னொரு பாட்டில் கால்சியம் வாங்குவாங்க," என்று முடித்தாள் உச்சி.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் உச்சிக்கு அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டிலேயே அவளுக்காக மிகவும் மெனக்கெட்டது அத்தைதான்.

டாக்டர் ஒரு கைக்கண்ணாடியையும் தண்ணீரையும் நீட்டினார். "இங்க பாருங்க, தொண்டைக் குழிக்குக் கொஞ்சம் மேல. ஒரு வாய் குடிச்சு விழுங்குங்க."

உச்சி விழுங்கினாள். தொண்டையின் தோலுக்கு அடியில் ஏதோ மெல்ல மேலேறி, மெல்லக் கீழே இறங்கியது.

"அந்த இடத்துலதான் தைராய்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. பட்டாம்பூச்சி மாதிரி, ரெண்டு இறக்கை. நீங்க விழுங்கும்போதெல்லாம் அதுவும் கூடவே ஏறி இறங்கும். இதயம் எவ்வளவு வேகமா அடிக்கணும், உடம்பு எவ்வளவு சூடா இருக்கணும், முடி வளரணுமா கொட்டணுமா, யோசனை ஓடணுமா நடக்கணுமா, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு."

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று உச்சிக்குத் தோன்றியது. இன்னொரு வாய் குடித்தாள். மறுபடியும் ஏறி இறங்கியது. பிறந்ததிலிருந்து இந்த வேலை அவள் கழுத்துக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. சம்பளமில்லை, லீவுமில்லை. டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிறோம் என்று மார்தட்டிக்கொண்டவளை இத்தனை நாள் தூக்கி நிறுத்தியது ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற சதைத் துண்டு. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் கழுத்தைத் தானே மரியாதையோடு தொட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஏறலாமா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் கிரேனைத் தூரத்துல பார்த்ததோட சரி. ஆனா கட்டில்லேருந்து எழுந்தப்போ உங்க கழுத்து இடப்பக்கம் திரும்பாததைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்க. தூக்கின சுமை காத்துல இடப்பக்கம் ஆடினா, உங்க கண்ணு அங்க போகுமா?"

பையில் இருந்த அட்டையை உச்சி நினைத்தாள். அது வலியை மறைக்கும். கழுத்தைத் திருப்பாது. பாலத்துக்குக் கீழே நிற்கப் போகிறவர்களையும் நினைத்தாள். அவர்களில் ஒருவன் தரை.

"போகாது டாக்டர்," என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. கைக்கண்ணாடி இன்னும் கையிலேயே இருந்ததால், தான் அழுவதைத் தானே பார்க்க வேண்டியதாயிற்று.

"மாத்திரையைச் சரியா எடுங்க, சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம். தோளுக்குப் பிசியோதெரபி. தைராய்டு சரியானதும் தோள் மறுநாளே திறந்துடும்னு பொய் சொல்லமாட்டேன். மாசக்கணக்கு ஆகும். ஆனா பெரும்பாலானவங்களுக்குத் திறக்கும்."

வேலைத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. உச்சி நேராக இன்ஜினியரிடம் போய், "நான் ஏறலை சார். என் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றாள்.

இன்ஜினியர் நிதானத்துக்குக் கைகாட்டினார். நிதானம் ஏறப் போனார். அவர் ஏறி முடிப்பதற்குள் பாலமே துருப்பிடித்துவிடும் என்று வெல்டர்கள் முணுமுணுத்தார்கள்.

தரை தூரத்தில், சிவப்புச் சட்டையோடு, லாரிக்குப் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்த்தான். அவள் இல்லை என்று கையசைத்தாள், வலக்கையால். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

தடுப்புக்கு வெளியே பிளைவுட் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உச்சி அதன்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க முயன்றாள். கழுத்து பாதியிலேயே நின்றுகொண்டது. சும்மா விடுவாளா? பலகைமேல் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

அப்போதுதான் தன் கிரேனை முதன்முதலாகக் கீழேயிருந்து முழுசாகப் பார்த்தாள்.

தினமும் காலையில் ஏணியைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவள் அவள். ஏறியபின் பார்ப்பதெல்லாம் பூமி. இந்தக் கோணம் அவளுக்குப் புதிது. மஞ்சள் கோபுரம் வானத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதன் நீண்ட கை மேகத்தைத் தொடுகிற உயரத்தில் நீண்டிருந்தது. கோபுரத்தின் தலையில் தீப்பெட்டி மாதிரி ஒரு கேபின். அதற்குள்ளா நான் இத்தனை வருஷம் உட்கார்ந்து, சாப்பிட்டு, வீட்டுச் சண்டையை மென்றுகொண்டிருந்தேன் என்று மலைத்துப்போனாள்.

அவள் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் நிதானத்தின் குரல் வந்தது. "தரை, ஒரு சந்தேகம். இங்கேயிருந்து பார்த்தா உங்க சாமான் மொத்தமும் கட்டடத்துக்குப் பின்பக்கமே குவிஞ்சு கிடக்கே. லாரி வர்ற வாசல் இந்தப் பக்கம். எதுக்குய்யா சுத்திக்கிட்டுப் போய் அங்க இறக்கறீங்க? முன்பக்கம் பேய் இருக்கா?"

பாலத்தைத் தூக்கும் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "நல்லா கேளுங்கண்ணே. பல மாசமா இப்படித்தான். லாரிக்காரங்க எல்லாம் தரையைத் திட்டாத நாளில்லை."

"பாலத்தைப் பாருங்க," என்றான் தரை சுருக்கமாக.

உச்சி பலகைமேல் அசையாமல் கிடந்தாள். மனசுக்குள் கிரேனைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து சுமையை எடுத்தால் எப்படித் திரும்ப வேண்டும்? வலப்பக்கமாக. கம்பி, சிமென்ட் மூட்டை, கதவுச் சட்டம், எதை எடுத்தாலும் வலப்பக்கமாக. கொக்கி காலியாகப் போகும்போது மட்டும்தான் இடப்பக்கம்.

கடவுள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏற்று. மெதுவா. இன்னும் மெதுவா."

கலவை இயந்திரத்தை நிறுத்தினார்கள். வெல்டர்கள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்கள். பாலம் லாரியை விட்டுக் கையளவு எழுந்து, தன் எடையைத் தானே யோசிப்பதுபோல ஒரு கணம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

இத்தனை பெரிய பொருள் இத்தனை மென்மையாகப் போகும் என்று உச்சி நினைத்ததில்லை. மேலேயிருந்து அவள் பார்த்திருப்பதெல்லாம் சுமைகளின் முதுகைத்தான். இப்போது கண்ணாடியின் அடிவயிறு அவள் கண்ணெதிரே வானத்தைக் கடந்தது. அதில் மேகம் ஓடியது, சூரியன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிப் போனது. தரையின் குரல் காற்றில் ஒருமுறையும் வாக்கியில் ஒருமுறையும் வந்தது. அந்தக் குரலுக்கு அவ்வளவு கனம் கட்டுப்பட்டு நகர்ந்தது.

சுமையோடு இடப்பக்கம். பாலம் திரும்பியது. பாதி வழியில் காற்று அதை மெல்லத் தள்ளியது, ஒரு முனை விலகியது. உச்சியின் இடது கை தானாகவே இல்லாத லீவரைத் தேடியது. தோளில் சுரீரென்றது. மேலே நிதானம் அவசரப்படவே இல்லை. நின்று, பார்த்து, ஆட்டம் அடங்கும்வரை காத்து, பிறகு நகர்ந்தார். கேபின் கண்ணாடிக்குள் அவர் தலை இடப்பக்கம் முழுசாகத் திரும்பியிருப்பது கீழேயிருந்தே தெரிந்தது.

நான் ஏறியிருந்தால் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டேன். இது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதுவும் யாருடைய தலை?

இரண்டு சுவர்களுக்கும் நடுவே பாலம் போய்க் குந்தியது. எங்கிருந்தோ ஒருவன் கைதட்டினான். அப்புறம் தளமே கைதட்டியது. உச்சி வலக்கையால் பலகையைத் தட்டினாள். கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் இறங்கியது. பொறாமைக்கு அவளிடம் இடமில்லை. அப்படியொரு காட்சி அது.

சற்று நேரத்தில் தரை வந்து பலகை ஓரத்தில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்டாள், படுத்தபடியே.

"எது?"

"நடிக்காதீங்க. எல்லா சாமானையும் பின்பக்கம் ஏன் இறக்கினீங்க?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "முன்னெல்லாம் நீ தலையைத் திருப்பிப் பார்த்துட்டு அப்புறம்தான் கிரேனைத் திருப்புவே. மழை முடிஞ்ச சமயம் பார்த்தேன். சுமையைத் தூக்கறதுக்கு முன்னாடி கிரேனே லேசா இடப்பக்கம் திரும்பி, நின்னு, அப்புறம் போச்சு. அங்க ஒண்ணுமே இல்லை. எதுக்கு அங்க எட்டிப் பார்க்குதுன்னு யோசிச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் விளங்குச்சு. கழுத்தைத் திருப்ப வேண்டிய இடத்துல நீ கிரேனைத் திருப்பறே."

அத்தனை உயரத்தில், தீப்பெட்டிக்குள் இருக்கும் ஒருத்தியின் கழுத்து வலியை, ஒரு இரும்புக் கையின் அசைவிலிருந்து ஒருவன் படித்திருக்கிறான். கண்ணெதிரே குடித்தனம் நடத்தியும் அவள் மறைத்ததை இத்தனை தூரத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறான். இவனோடா தினமும் துண்டை எங்கே காயப்போடுவது என்று சண்டை போடுகிறேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொன்னா கிரேனை விட்டு இறக்கிடுவாங்களேன்னு பயந்தே. எனக்கும் அதே பயம்தான். நீ இறங்கிட்டா நான் யாருக்கு வழி சொல்றது?" ஹெல்மெட்டை மடியில் உருட்டினான். "தப்புதான். நான் பாதையைச் சுலபமாக்கிக் கொடுத்ததாலதான் நீ டாக்டர்கிட்ட இதைச் சொல்லாமலே ஓட்டிட்டே."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். கோபப்படலாம் என்று பார்த்தாள், வரவில்லை. டாக்டர் சொன்ன கதையை அவனுக்குச் சொன்னாள். பால், கால்சியம், தனிக்காட்டு ராஜா எல்லாம்.

"அம்மாகிட்ட சொல்லாதே," என்றான் உடனே. "நொறுங்கிடுவாங்க. நாளையிலேருந்து நைசா மாத்திக்கலாம்."

"அவங்களும் நீங்களும் நானும் ஒருத்தருக்கொருத்தர் நைசா நடந்துதான் இவ்வளவும் ஆச்சு," என்றாள் உச்சி. "கையைக் கொடுங்க. எழுந்திரிக்கணும். வலப்பக்கமா வாங்க."

மாலையில் அத்தை வாசலிலேயே காத்திருந்தார். "பாலம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு அத்தை. நான் ஏத்தலை."

உள்ளே போய் உட்காரவைத்து, உச்சி எல்லாவற்றையும் சொன்னாள். தரை பக்கத்து அறையில் எதையோ தேடுவதுபோலத் தேடிக்கொண்டிருந்தான். அத்தை உப்பிய விரல்களால் மப்ளரின் நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான்தானா?" என்றார் கடைசியில். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆயுசு பூரா சங்கு ஊதினவ, கடைசியில வீட்டுக்குள்ளயும் ஊதிட்டேன்."

"நீங்க காசு போட்டு வாங்கி, நேரத்துக்கு எழுந்து, பாலைக் காய்ச்சிக் கொடுத்தீங்க. டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது என் வேலை. நான்தான் சொல்லலை."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை. தினமும் நீ வலப்பக்கம் புரண்டு எழுந்ததைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்." அத்தையின் கரகரத்த குரல் இன்னும் இறங்கியது. "இப்பல்லாம் எதுவும் சட்டுனு தலைக்கு ஏற மாட்டேங்குதும்மா. மூளைக்குள்ள யாரோ கம்பளி போர்த்தின மாதிரி இருக்கு."

அத்தை அழுது உச்சி பார்த்ததில்லை. பார்க்கவும் மனமில்லை. ஏதாவது வேடிக்கை செய்து அவரைத் தேற்ற வேண்டும் என்று பரபரத்தது மனசு. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இன்னிக்கு ஒரு அதிசயம் பார்த்தேன் அத்தை. உங்களுக்கும் காட்டறேன். என் தொண்டையைப் பாருங்க."

குடித்து விழுங்கினாள். அத்தை குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஏதோ ஏறி இறங்குதே."

"அங்கதான் அது இருக்கு. ராத்திரி பகலா நமக்காக உழைக்குது. நம்ம எல்லாரையும் ஓட்டறது அதுதானாம்."

"இத்துனூண்டா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" அத்தையின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆலையிலயும் அப்படித்தான். எல்லாரையும் எழுப்பற சங்கு ஒரு மூலையில சின்னதாத்தான் இருக்கும்."

"இப்போ உங்களுது. மப்ளரை எடுங்க."

"குளிரும்மா."

"ஒரு நிமிஷம்தான்."

அத்தை மப்ளரை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். மழை, வெயில் என்று பாராமல் அங்கேயே கிடந்த மப்ளர். அது இல்லாமல் அத்தையின் கழுத்தை உச்சி பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தாள், ஞாபகமில்லை. அத்தை குழந்தையைப் போல ஆசையாகத் தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு வாய் குடித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

உச்சி அவருக்கு வலப்புறம் நின்றாள். சரியாகப் பார்க்க இடப்பக்கம் திரும்ப வேண்டும். கழுத்து வரவில்லை. உடம்பையே திருப்பினாள், கிரேன் திரும்புவதுபோல.

அத்தையின் தொண்டையில் ஒரு பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு, ஒரு வீக்கம். அது மெல்ல மேலேறி, மெல்லக் கீழே இறங்கியது.

கோடையிலும் குளிர். கரகரத்த குரல். உப்பிய விரல்கள். பிந்திப் பிந்தி ஊதும் சங்கு. மூளைக்குள் கம்பளி. எல்லாவற்றுக்கும் வயசு என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் அவர் காய்ச்சிக் கொடுத்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுதா? எனக்கும் ஏறி இறங்குதா?" என்று கேட்டார் அத்தை, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி.

பக்கத்து அறையில் தேடும் சத்தம் நின்றது. தரை வாசலில் வந்து நின்றான். உச்சி அவனைப் பார்க்கவில்லை.

"அத்தை," என்றாள் மெதுவாக. "இன்னொரு வாய் குடிங்க."